பார்த்ததற்கு என்ன காசு?

பதிவு கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். காரின் பானட் திறந்திருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கை வரை கரியோடு நான் நிற்பேன். வந்த பதில்களை எல்லாம் படித்தேன். "மாமா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று ஒன்று. "சார், ஒரு போன் போட்டிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே" என்று ஓசூரிலிருந்து ஒன்று. அவை அன்பினால் எழுதியவை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்த ஒரு தம்பி, "பென்ஷன் வருதே சார், ஏன் இந்தக் கஞ்சத்தனம்?" என்று எழுதி, சிரிக்கிற மஞ்சள் முகம் மூன்றும் போட்டிருந்தார்.

கஞ்சத்தனம் இல்லை தம்பி. கோபம். முதலில் அது ஒரு ஒர்க்‌ஷாப் மேல் இருந்தது. பிறகு என் மேலேயே திரும்பியது. இப்போது உங்கள் எல்லார் மேலும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடையது 2008-ஆம் வருடத்து மாருதி 800. பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தது 1983 டிசம்பர் 14. உற்பத்தி நின்றது 2014 ஜனவரி. இடைப்பட்ட முப்பது வருடத்தில் நம்மைப் போன்ற சம்பளக்காரக் குடும்பங்களைத் தூக்கிச் சுமந்த வண்டி அது. உங்களில் சிலர் கல்யாணத்துக்கு என் வண்டியில்தான் போனீர்கள். அதற்கு மேல் புகழ வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் ஜமுனாமரத்தூர் போய் வந்தோம். ஜவ்வாது மலை ஏறி இறங்கி வந்த மறுநாளிலிருந்து ஒரு சத்தம். வண்டியை எடுக்கும்போது "டொக்". ரிவர்ஸ் போட்டால் மறுபடியும் "டொக்". யாரோ உள்ளிருந்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவது போல. வீட்டுக்காரம்மா, "வண்டி ஏதோ சொல்லுது, கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். குளிர்சாதன அறை, சோபா, காபி எல்லாம் உண்டு.

வெள்ளைச் சட்டை போட்ட பையன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனான், திரும்பி வந்தான். இரண்டு நிமிடம் இருக்கும். கையில் இருந்த பலகைக் கம்ப்யூட்டரைத் தட்டினான், காகிதம் வந்தது. கிளட்ச் செட், இரண்டு பக்க ஆக்சில், கியர் பாக்ஸ் இறக்கிப் பிரித்துப் பார்க்கும் கூலி, எண்ணெய், இதர செலவு. மொத்தம் 31,500 ரூபாய்.

"தம்பி, சத்தம் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் மாத்திட்டா போயிடும் சார்."

நான் கேட்டது சத்தம் போகுமா என்று இல்லை, எங்கிருந்து வருகிறது என்று. கேள்வி புரியாதவன் போல அவன் என்னைப் பார்த்தான். தலைவலிக்குத் தலையை மாற்றிவிட்டாலும்தான் போய்விடும்! அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். காபியையும் குடிக்கவில்லை.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பைத் திட்டிக்கொண்டே வந்த நான், வேகத்தடையில் சத்தம் அதிகமாகக் கேட்கிறது என்று ஒரு நாள் தோன்றியதை வைத்துக்கொண்டு, முன் சக்கரத்து லோயர் ஆர்ம் புஷ்தான் போயிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். ஒரு கடையில் வண்டியை விட்டு 1,800 ரூபாய் கொடுத்து மாற்றினேன். வெளியே எடுத்தேன். "டொக்."

அந்தப் பையன் 31,500 ரூபாய்க்குச் செய்யச் சொன்னதை நான் 1,800 ரூபாய்க்குச் செய்திருந்தேன். தொகைதான் குறைவு. முப்பத்தைந்து வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன், உற்றுநோக்கல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன், ஒரு நாள் கேட்ட சத்தத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் பேரனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து மூன்று பத்தி கோடு போட்டேன். சத்தம் எப்போது, எப்படி, எப்போது வரவில்லை. கடைசிப் பத்திதான் முக்கியம். ஒரு வாரம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஈசானிய மைதானம் போன்ற காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டம் அடித்துப் பார்க்க வேண்டும். அப்போது "டக் டக் டக்" என்று சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து சத்தம் வந்தால் சக்கரப் பக்கத்து ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. அந்த 31,500-இல் இருந்த இரண்டு ஆக்சிலும் அங்கேயே விழுந்துவிட்டன.

சக்கர பேரிங் போயிருந்தால் வண்டு ரீங்காரம் போல "ஊம்ம்" என்று வரும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். ஓடும்போதே கொஞ்சம் வலப்பக்கம் வளைத்தால் எடை இடச்சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடப் பக்கத்து பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனைக்கு நெரிசல் இல்லாத சாலை வேண்டும், பௌர்ணமி அன்று முயற்சி செய்யாதீர்கள். என் வண்டியில் அதுவும் இல்லை.

வண்டியை நிறுத்தி நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு கிளட்சை மிதித்துப் பார்த்தேன். மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்காதபோது இருக்கிற சத்தம் மிதித்தவுடன் நின்றால் கியர் பாக்ஸுக்கு உள்ளே, இன்ஜின் சுழற்சியை வாங்குகிற முதல் தண்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியர் சக்கரங்களின் தேய்மானம். மூன்றுமே இல்லை. கிளட்ச் செட்டும் கியர் பாக்ஸ் பிரிக்கும் கூலியும் விழுந்தன.

திருவூடல் தெருவில் காலை ஐந்து மணிக்கு, மதில் சுவரை ஒட்டினாற்போலக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். வண்டியின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நம் காதுக்கே வரும். திறந்த வெளியில் கேட்காததெல்லாம் அங்கே கேட்கும். பால்காரர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

வாரக் கடைசியில் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: முதல் கியரில் கிளட்ச் விடும்போது வருகிறது. ரிவர்ஸில் வருகிறது. இரண்டாவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வருகிறது, அந்த நேரத்தில் கியர் லிவரும் கையோடு சேர்ந்து ஒரு துள்ளு துள்ளுகிறது. நான்காவது கியரில் ஒரே வேகத்தில் போனால் வரவே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளி வேகத்தடை ஏற்றினால் (மகனும் மருமகளும் தள்ளினார்கள்) வரவே இல்லை. அதாவது சாலைக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. இன்ஜினின் இழுப்பு மாறுகிற கணத்தில் மட்டும்தான் அது வருகிறது.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவலூர்பேட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற என் பழைய மாணவனிடம் போனேன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், கடைசி பெஞ்ச். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் "கவனம் போதாது" என்று மூன்று பருவமும் எழுதியவன் நான்தான்.

நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க சார்" என்றான். பக்கத்தில் கிரைண்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். பானட்டைத் திறந்தான். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியர் போட்டு, இன்ஜின் இழுக்கத் தொடங்குகிற அளவுக்கு மட்டும் கிளட்சை விடச் சொன்னான். வண்டி நகரக்கூடாது, இன்ஜின் மட்டும் முறுக்கிக்கொள்ள வேண்டும். அவன் பக்கவாட்டில் நின்றான். இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருபோதும் நிற்கக்கூடாது, ஒரு கால் நழுவினால் போதும். பிறகு ரிவர்ஸ். முதல் கியரில் இன்ஜின் பின்னால் சாய்ந்தது, ரிவர்ஸில் முன்னால் துள்ளியது. கியர் பாக்ஸ் பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி "டொக்" என்று உட்கார்ந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு இரும்புக் கம்பியை நுழைத்து மெல்ல நெம்பிக் காட்டினான். ரப்பர் தனியாக, இரும்பு தனியாகப் பிளந்து கிடந்தது.

"கியர் பாக்ஸ் மவுண்டிங் சார். வேற ஒண்ணும் இல்ல."

பத்து நிமிடம். கவனம் போதாதவன்.

மவுண்டிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு, உங்கள் சமையலறை மிக்சியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ரப்பர் கால் இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டுச் சட்னி அரையுங்கள், மிக்சி மேடை மேல் நடந்துபோகும். காரிலும் அதே கதை. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றாக முடுக்கிய ஒரே கட்டி. அது வண்டியின் உடம்பில் இரும்போடு இரும்பாக உட்காருவதில்லை, ரப்பர் மேல் உட்காருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நெட்டுருப் போட்டீர்களே, அது இங்கேதான் வேலை செய்கிறது. இன்ஜின் சக்கரத்தை ஒரு பக்கம் முறுக்கினால், அதே விசை இன்ஜினை எதிர்ப்பக்கம் முறுக்கும். அந்த முறுக்கலைத் தாங்கி அடக்குவது இந்த ரப்பர். மாருதி 800-இல் இன்ஜின் குறுக்குவாட்டில் கிடப்பதால் அது முன்னும் பின்னும் ஆடும். நம் தலைமையாசிரியர் வைத்திருந்த அம்பாசடரில் இன்ஜின் நெடுக்குவாட்டில் கிடக்கும், அதனால் பக்கவாட்டில் ஆடும். போதாக்குறைக்கு 800-இல் இருப்பது மூன்று சிலிண்டர், இயல்பிலேயே குலுங்குகிற சாதி.

இது ஒன்றும் சாதாரண ரப்பர் இல்லை. ஒரு காலத்தில் பல கார்களில் இன்ஜினை நேராகச் சட்டத்தோடு முடுக்கிவிடுவார்கள், ஓட்டுகிறவர் பல் ஆடும். 1931-இல் அமெரிக்காவின் பிளிமத் கார் 'ஃப்ளோட்டிங் பவர்', மிதக்கும் சக்தி, என்ற பெயரில் இன்ஜினை ரப்பர் மேல் உட்காரவைத்து வந்தது. அதையே பெரிதாக விளம்பரம் செய்தார்கள். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, நீரில் மிதக்கும் அன்னப் பறவையைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது. அன்னம் போல மிதக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட சங்கதி, நம்மிடம் வரும்போது யாரும் குனிந்து பார்க்காத கறுப்புக் கட்டி ஆகிவிட்டது. ரப்பருக்கு வயது உண்டு. சூட்டில் இறுகும், எண்ணெய் கசிந்து ஊறினால் உப்பிக் குழையும், ஒரு நாள் இரும்பை விட்டுப் பிரியும். பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்தது, அதன் மேல் எனக்குக் குறை இல்லை.

இப்போது என் கோபத்தின் மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன்.

"எவ்வளவுப்பா?" என்று கேட்டேன்.

"பார்த்ததுக்கு என்ன சார் காசு?"

குருபக்தி என்று நினைத்தேன். இல்லையாம், யாரிடமும் வாங்குவதில்லையாம். வாங்கினால் சண்டைக்கு வருகிறார்களாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிச் சொல்லுவேன் சார். சரி, நாளைக்கு வரேன்னுட்டுப் போயிடுவாங்க. பார்ட்ஸ நெட்டுல வாங்கி, எங்க கூலி கம்மியோ அங்க போட்டுக்குவாங்க. நான் சொன்னதுக்கு ஒரு டீ காசு வராது. அதான் இப்பல்லாம் பல பேரு கண்டுபிடிக்கிறதே இல்ல சார். எது போயிருக்கலாமோ அத்தனையும் மாத்திடறாங்க. பார்ட்ஸ்ல வர்ற கமிஷன்தான் சோறு."

எனக்குச் சுருக்கென்றது. குளிர்சாதன அறையில் வெள்ளைச் சட்டைப் பையன் சொன்ன "எல்லாத்தையும் மாத்திட்டா போயிடும்" என்பதும், எண்ணெய்க் கறையோடு இவன் சொன்ன "பார்த்ததுக்கு என்ன காசு" என்பதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். அந்த நாணயத்தை அச்சடித்தவர்கள் நாம். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்கு மட்டும்தான் காசு கொடுப்போம் என்று நாம் அடம்பிடித்தோம். அப்படியே ஆகட்டும் என்று அவர்கள் பொருளை மட்டும் விற்கிறார்கள். தேவையான பொருளா, தேவையில்லாத பொருளா என்று பார்ப்பதற்கு யார் காசு கொடுத்தார்கள்?

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் ஆலோசனை சொல்வதற்கு டாலரில் பில் போடுகிற என் அருமை மாணவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் வேலையே 'பார்த்துச் சொல்வது'தான் என்று பெருமையாகச் சொல்வீர்கள். ஊருக்கு வந்தால் மெக்கானிக்கிடம், எலக்ட்ரீஷியனிடம், பம்பு செட் பார்க்கிறவரிடம், "சும்மா பார்த்துட்டுத்தானே போனே, அதுக்கு இருநூறா?" என்கிறீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். மோட்டார் ரிப்பேர்க்காரர் ஒருவர் ஒரே ஒரு ஒயரை முடுக்கிவிட்டு 150 ரூபாய் கேட்டதற்கு அரை மணி நேரம் வாதாடியவன் நான். எந்த ஒயர் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருகிறோம். செல்பியும் எடுத்துக்கொள்கிறோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்களை யாராவது படம் எடுக்கிறோமா? தேர் எந்தப் பக்கம் சாயப் போகிறது என்று சக்கரத்தைப் பார்த்தே அறிந்து, எப்போது கட்டையைப் போடுவது, எப்போது எடுப்பது என்று கணக்கிட்டு நடப்பவர்கள் அவர்கள்.

இது கார் விஷயம் மட்டும் இல்லை என்பதை என் தொழிலில் இருந்தே காட்டுகிறேன். ஒரு பிள்ளை 52-இல் 38 போக 26 என்று எழுதுகிறது. 71-இல் 45 போக 34 என்று எழுதுகிறது. 80-இல் 26 போக 66. பத்துக் கணக்கும் தப்பு. மக்குப் பிள்ளை, டியூஷனில் சேர், கைடு வாங்கு, பள்ளிக்கூடத்தை மாற்று என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் போய்விடும்! பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அந்தப் பிள்ளை ஒரே ஒரு தப்புதான் செய்கிறது. எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறது. 8-இலிருந்து 2 போக 6, 5-இலிருந்து 3 போக 2. கடன் வாங்குவதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் பத்துக் கணக்கும் சரியாகிவிடும். கிளட்ச், ஆக்சில், கியர் பாக்ஸ் எல்லாம் நன்றாகவே இருக்கிறது, ஒரு ரப்பர்தான் பிளந்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தப் பெற்றோரும் வாத்தியாருக்கு வணக்கம்கூடச் சொன்னதில்லை. கைடுக்கும் டியூஷனுக்கும் கடன் வாங்கியாவது கட்டினார்கள்.

எதிர்வாதம் வரும், தெரியும். "சார், இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர். ஸ்கேனர் மாட்டினால் அதுவே சொல்லிடும்." ஸ்கேனர் சென்சார் சொல்வதைத்தான் சொல்லும் தம்பி. சில விலை உயர்ந்த கார்களில் மின்சாரத்தால் கட்டுப்படுத்துகிற மவுண்டிங் உண்டு, அதை விட்டுவிடுங்கள். நீங்களும் நானும் ஓட்டுகிற வண்டியின் ரப்பருக்கு சென்சார் கிடையாது. ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்றால் சத்தம் இல்லை என்று ஆகிவிடுமா?

"எங்களுக்கு நேரம் இல்லை சார்." நியாயம். எல்லாரும் காரைப் பிரித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நேரம் இல்லையென்றால் நேரம் கொடுக்கிறவனுக்குக் கூலி கொடுங்கள். "பார்த்துச் சொல்ல எவ்வளவு?" என்று முதலிலேயே கேளுங்கள். கேட்டுப் பாருங்கள், எதிரில் நிற்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்று.

"இந்த வயசுல" என்று கேட்ட அக்கா மகளுக்குத் தனியாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உன் பயம் சரியான பயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவன் எந்த வயதானாலும் முட்டாள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. நான் என்ன செய்தேன் என்று கேள்.

என் மாணவனிடம் இரண்டு இரும்பு ஸ்டாண்டு இரவல் வாங்கினேன். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். இன்ஜின் முழுதாக ஆறும்வரை காத்திருந்தேன். பாட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன், பிறகு பாட்டரியையே வெளியே எடுத்தால்தான் கை போக வழி கிடைத்தது. கீழிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு மரக்கட்டை வைத்து அதன் மேல் ஜாக்கியை மெல்ல முட்டுக் கொடுத்தேன். நேராக ஜாக்கி இரும்பை வைத்தால் அலுமினிய உறை விரிசல் விடும். மவுண்டிங்கைக் கழற்றினால் அந்தப் பக்க எடை முழுதும் அந்த முட்டில்தான் நிற்கும், அதனால் அவசரமே கூடாது. முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வைத்திருந்தும் ஒரு போல்ட் வரவில்லை. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீளம் கூட்டித்தான் எடுத்தேன். நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கிறதா?

புது மவுண்டிங் 640 ரூபாய். இதைவிட மலிவாகவும் கிடைக்கும். ஆனால் மட்டமான ரப்பர் கல் மாதிரி இருந்தால் "டொக்" போய்விடும், அதற்குப் பதில் இன்ஜினின் அதிர்வு முழுதும் இருக்கைக்கு வரும். போடும்போது ஒரு சூட்சுமம் உண்டு, இதையும் அவன்தான் சொன்னான். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி விட வேண்டும். முட்டை மெல்ல இறக்கி எடையை ரப்பர் மேல் விட வேண்டும். இன்ஜினைக் கையால் இரண்டு ஆட்டு ஆட்டினால் அது தன் இடத்தில் தானாக உட்காரும். அதற்குப் பிறகுதான் கடைசி இறுக்கு. முதலிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். காலை ஏழு மணிக்குத் தொடங்கியது, நடுவில் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, பதினொன்றரைக்கு முடிந்தது. கையில் தெம்பு இருக்கிறவர் ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார். வண்டியை எடுத்தேன். முதல் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இப்ப பேசல" என்றார்.

இந்த மவுண்டிங் மேலிருந்து கை போகிற இடத்தில் இருந்ததால்தான் வீட்டில் செய்தேன். கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருந்தால் தொட்டிருக்கமாட்டேன்.

பழைய மவுண்டிங்கை டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது. அதற்குக் கீழே அந்த 31,500 ரூபாய் காகிதத்தையும் வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது 500 ரூபாயை என் மாணவன் சட்டைப் பையில் வைத்தேன். எடுத்துத் திருப்பி நீட்டினான். "சார்கிட்ட வாங்குவேனா?" என்றான். "சாரிடம் வாங்காவிட்டால் வேறு யாரிடம் வாங்கப் பழகுவாய்?" என்று கேட்டேன். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். அவன் ஷெட்டில் கிடந்த தகரப் பலகை ஒன்றைத் துடைத்து, வெள்ளை பெயின்டில் என் கையாலேயே எழுதினேன். கரும்பலகையில் எழுதிய அதே எழுத்து, கொஞ்சம் நடுக்கம் சேர்ந்திருக்கிறது:

"சத்தம் பார்த்துச் சொல்ல ரூ.200. வேலை இங்கே செய்தால் கூலியில் கழித்துக்கொள்ளப்படும்."

பலகை மாட்டி இன்றோடு ஒன்பது நாள். நேற்றுப் போய்க் கேட்டேன். நான்கு பேர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பேரம் பேசாமல் முதலில் கொடுத்தவர் அவர்தான். ஆறு பேர் பலகையைப் படித்துவிட்டு வண்டியை விட்டு இறங்காமலேயே போய்விட்டார்களாம். அந்த ஆறு பேரில் ஒருவர் நம் குடும்ப குரூப்பில் இருக்கிறார். வெள்ளை நிற கார், பின் கண்ணாடியில் அண்ணாமலையார் ஸ்டிக்கர். என் கையெழுத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.